மூன்று விரல் நுழையாத வாய்

தொண்ணூறுகளின் நடுவில் மயிலாப்பூரில் ஒரு மாடியில் கிளினிக் வைத்திருந்தேன். ஊர் என்னைப் பல் டாக்டர் என்றுதான் நினைத்தது. நாக்கு, கன்னத்தின் உள்பக்கம், ஈறு, தாடை ஆகியவற்றில் எப்போதாவது வரும் நோய்களைக் கண்டுபிடித்து வைத்தியம் செய்வதற்கென்று நான் கூடுதலாக மூன்று வருஷம் படித்திருந்தேன். என் சொந்தக்காரர் ஒருவர், "பல்லைப் பிடுங்க ஒரு பொண்ணுக்கு இவ்வளவு படிப்பா?" என்று கேட்டார். நான் பிடுங்குவதில்லை என்று சொன்னதும், "அப்புறம் என்னத்துக்கு போர்டு?" என்றார்.

அபூர்வ நோய் உள்ளவர்கள் அபூர்வமாகத்தான் வருவார்கள் என்பதை அந்த மூன்று வருஷத்தில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆகவே சொத்தை அடைத்தும் பல் சுத்தம் செய்தும் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

தவிர, மயிலாப்பூரில் வாய் நோய்க்கு டாக்டரே தேவையில்லை. வாயில் புண் என்றால் சூடு. நாக்கு எரிந்தால் சூடு. தாடை வீங்கினால் ரொம்பச் சூடு. மணத்தக்காளிக் கீரை, தேங்காய்ப்பால், எண்ணெய்க் குளியல், மருந்துக்கடைக்காரர் தானே யோசித்துக் கொடுக்கும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை எல்லாம் வரிசையாகத் தோற்ற பிறகு என் படியேறுவார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும், "சூடுதான் டாக்டர்" என்று நோயையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். ஆமாம் என்று தலையாட்டி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தால் எனக்கு நல்ல டாக்டர் என்று பெயர்.

அப்படித்தான் அந்த மாமியும் பெண்ணும் வந்தார்கள். கோயில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம். பெண் பி.காம். முடித்துவிட்டு, அந்த வருஷங்களில் எல்லாப் பெண்களும் படித்த கம்ப்யூட்டர் கோர்ஸைப் படித்துக்கொண்டிருந்தாள். வயது இருபத்திரண்டு, இருபத்திமூன்று இருக்கும். ரசம் சாதம் சாப்பிட்டால் வாயெல்லாம் எரிகிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது என்பது குறை. சொன்னவள் மாமி. நான் பெண்ணைப் பார்த்துக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் மாமியின் பக்கத்திலிருந்தே வந்தது. எப்போதிலிருந்து எரிகிறது என்று கேட்டேன். "போன ஆடிலேருந்து" என்றாள் மாமி, எரிந்தது தன் வாய்தான் என்பதுபோல.

வாயைத் திறக்கச் சொன்னேன். திறந்தாள். இன்னும் நன்றாக என்றேன். "இவ்வளவுதான் டாக்டர் வரது" என்றாள். அவள் பேசியதை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

இதற்கு ஒரு சுலபமான சோதனை உண்டு. நம் கையின் நடுமூன்று விரல்களைச் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக வரும்படி நிறுத்தி, மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் வைத்துப் பார்க்க வேண்டும். சாதாரண வாயில் மூன்றும் போகும். இவளுக்கு இரண்டே நெருக்கிக்கொண்டு போயின. கன்னத்தின் உள்பக்கம் ரோஜா நிறத்தில் இருக்க வேண்டும், இவளுக்கு வெளிறிக் கிடந்தது. விரலால் தடவினால் உள்ளே கயிறு கயிறாக ஏதோ தட்டுப்பட்டது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"ஏதாவது பழக்கம் உண்டா?"

மாமி எழுந்தே நின்றுவிட்டாள். "எங்காத்துல வெங்காயமே வாரத்துல ரெண்டு நாள்தான் டாக்டர். நீங்க என்ன கேக்கறேள்?"

"பாக்கு போடுவியாம்மா?" என்று பெண்ணிடம் கேட்டேன்.

பெண் அம்மாவைப் பார்த்தாள். மாமிக்கு அப்பாடா என்று இருந்தது. சிரித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்தாள். "பாக்கா? அது பழக்கமா டாக்டர்? அது மங்களம்னா!"

அந்த மங்களம் வீட்டுக்கு வந்த வழி இது. முகூர்த்த மாதங்களில் அந்தக் குடும்பம் வாரத்துக்கு இரண்டு கல்யாணத்துக்காவது போய்வரும். ஒவ்வொன்றிலும் தேங்காய்ப் பையில் ஒரு வாசனைப் பாக்குப் பொட்டலம் இருக்கும். தேங்காய் சட்னிக்குப் போகும். பாக்கு ஒரு டப்பாவில் சேரும். சின்ன வயதிலிருந்தே பெண் அந்த டப்பாவிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு வளர்ந்தாள். தித்திப்பாக இருக்கும், வாசனையாக இருக்கும், வேறு என்ன வேண்டும்? காலேஜ் போன பிறகு பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கிய பாக்கெட்டுகளையும் வாங்கி, பஸ்ஸில் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று என்று போட்டிருக்கிறாள். குழந்தை சாக்லேட் கேட்டு அடம் பிடிக்காது, பாக்கு கொடுத்தால் போதும் என்று மாமிக்குப் பெருமை வேறு.

அதே மாதத்தில் திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு ஆட்டோ டிரைவர் இதே வாயோடு வந்திருந்தார். நான் கேட்டு முடிப்பதற்குள், "இன்னா டாக்டர் கேக்கறே, எந்நேரமும் பாக்கெட்டு போட்டுக்கினுதான் கீறேன்" என்று சட்டைப் பையிலிருந்து எடுத்து என் மேஜையிலேயே வைத்துவிட்டார். அவர் அதை விட்டாரா என்றால், இல்லை. ஆனால் அவரிடம் ஒரு நிமிஷத்தில் வாங்கிய பதிலை மாமியிடம் வாங்க அரை மணி நேரம் ஆயிற்று.

மாமிக்கு எடுத்துச் சொன்னேன். பாக்கினால் கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நார் கட்டிக்கொண்டே போகும், நார் இறுக இறுக வாய் சின்னதாகும், ஒருநாள் பல் துலக்கக்கூடத் திறக்காது, சிலருக்குப் புற்றுநோயிலும் கொண்டுபோய் விடும் என்றேன். இதுவரை போனது திரும்பி வராது, இனிமேல் போகாமல் நிறுத்தலாம், கொஞ்சம் தளர்த்தலாம் என்றேன். பாக்கை அடியோடு விட வேண்டும். வாரம் இரண்டு முறை இரண்டு கன்னத்திலும் உள்பக்கமாக ஊசி. வீட்டில் தினமும் ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லிடையே வைத்து, ஒவ்வொரு குச்சியாகக் கூட்டி, வாயைப் பழக்க வேண்டும்.

பெண் சட்டென்று சரி என்றாள். வலிக்கிற ஊசி அது. அவள் கைப்பிடியை இறுக்கிக்கொண்டு சத்தம் போடாமல் போட்டுக்கொண்டாள். சில வாரங்களில் ஒரு குச்சி கூடுதலாகப் போயிற்று. "நேத்து ரசம் சாதம் அழாம சாப்பிட்டேன் டாக்டர்" என்று அவள் சொன்ன அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. படித்த படிப்புக்கு ஒரு நோயாளி கிடைத்தாள், அவளும் குணமாகிறாள்!

அடுத்த வாரம் மாமி மட்டும் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். அமெரிக்காவில் சாஃப்ட்வேர் மாப்பிள்ளை, பதினைந்து நாள் லீவில் வந்திருக்கிறான், முப்பது ஜாதகம் பார்த்து எட்டுப் பெண் பார்த்து இவளைப் பிடித்துப் போயிற்று.

"சொஜ்ஜி ஒரு ஸ்பூன்தான் எடுத்துண்டா. பஜ்ஜியைத் தொடவே இல்லை. கேட்ட கேள்விக்கு ஒரு வார்த்தை, அதுவும் மெதுவா. சிரிச்சாகூடப் பல்லு தெரியலை. பிள்ளையோட அம்மா அப்படியே உருகிப் போயிட்டா டாக்டர். இந்தக் காலத்துல இப்படி அடக்கமா ஒரு பொண்ணான்னு கேக்கறா!"

பாடப் புத்தகத்தில் நோயின் அறிகுறிகள் என்று நான் மனப்பாடம் செய்ததெல்லாம் அங்கே ஒன்று விடாமல் குணநலன்களாகத் தேர்வாகியிருந்தன. காரம் ஆகாது. குறைவாகச் சாப்பிடுவாள். உரக்கச் சிரிக்க மாட்டாள். பாடச் சொன்னபோது வாய்க்குள்ளேயே நாலு வரி முனகினாளாம், அதற்கு சங்கோஜம் என்று பெயர் வைத்து, சங்கோஜம் இருந்தால்தான் நல்ல குடும்பம் என்று முடிவுகட்டியிருந்தார்கள்.

"ஊசியைக் கொஞ்ச நாள் நிறுத்திடுங்கோ டாக்டர். கன்னம் வீங்கறது. கல்யாண போட்டோ, வீடியோ எல்லாம் இருக்கு."

இப்போது நிறுத்தினால் போட்டதெல்லாம் வீண் என்றேன். பிள்ளை வீட்டில் சொல்லிவிடுங்கள், மூன்று மாதம் கழித்துக்கூடப் பெண் கிளம்பிப் போகலாமே என்றேன். மாமி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "போற இடம் அமெரிக்கா டாக்டர். அங்க இல்லாத வைத்தியமா?"

இதுதான் என்னால் பொறுக்க முடியாமல் போனது. அங்கே இல்லாத வைத்தியம்தான் மாமி என்று கத்தினேன். இது அமெரிக்க நோய் இல்லை, நம் வீட்டில் டப்பா போட்டு வளர்த்த நோய், அங்கே டாக்டர்களில் பாதிப் பேர் இதைப் புத்தகத்தில் படமாகப் பார்த்திருந்தாலே அதிகம் என்றேன். மாமி என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். நோயாளி கைவிட்டுப் போகிற வயிற்றெரிச்சலில் லோக்கல் டாக்டர் பேசுகிறாள் என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

பெண் கடைசியாக ஒருமுறை தனியாக வந்தாள். "நானே அவர்கிட்ட சொல்லிடட்டுமா டாக்டர்?" என்றாள். சொல் என்றேன். "அம்மா, கல்யாணம் நின்னு போச்சுன்னா மாடிலேருந்து குதிச்சுடுவேங்கறா" என்றாள். குச்சிகளை விடாமல் வைத்துக்கொள், பாக்கைத் தொடாதே என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

கல்யாணம் தி. நகரில் நடந்தது, போயிருந்தேன். ஊஞ்சலில் பாலும் பழமும் கொடுத்தார்கள். ஒவ்வொரு மாமியும் நீட்டிய ஸ்பூனில் அவள் நுனி உதட்டால் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். என் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை வீட்டு அம்மாள், "எவ்வளவு நாசூக்கு பாருங்கோ" என்றாள். பதில் சொல்ல நாக்கு துடித்தது. பெண் ஊஞ்சலிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதனால் பேசாமல் வந்துவிட்டேன்.

ஒன்றரை வருஷம் கழித்து ஒரு காலை வேளையில் மாமி மறுபடி படியேறி வந்தாள். இந்தத் தடவை இரண்டாவது பெண்ணை அழைத்துக்கொண்டு. அந்தப் பெண் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எதற்கோ சிரித்தாள், உள்ளே எனக்குக் கேட்டது. நாற்காலியில் உட்கார வைத்துக் கழுத்தில் துண்டைக் கட்டினேன். மூன்று விரலும் தாராளமாகப் போயின. கன்னம் ரோஜா நிறம். பாக்கு போடுவாயா என்றேன். "சீ, எனக்குப் பிடிக்காது" என்றாள்.

"பல்லைக் கொஞ்சம் சுத்தம் பண்ணிக் குடுங்கோ" என்றாள் மாமி. "ரெண்டு இடம் வந்து தட்டிப் போச்சு. இவ ஹோன்னு சிரிக்கறா டாக்டர், பஜ்ஜியை நாலு தின்னுட்டு இன்னும் இருக்கான்னு கேக்கறா. அக்கா மாதிரி வராது. இதுக்கு ஏதாவது பண்ண முடியுமா?"

என் தொழிலில் ஆரோக்கியமான வாய்க்கு வைத்தியம் கேட்டு வந்தவள் மாமி ஒருத்திதான். பெரியவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

மாமி பர்ஸிலிருந்து ஒரு போட்டோவை எடுத்தாள். பின்னால் பனி, முன்னால் கோட்டுக்குள் அவள். பாதியாக இளைத்திருந்தாள். உதடு மூடிய புன்னகை. "எவ்வளவு ஒல்லியா அழகா ஆயிட்டா பாருங்கோ. எல்லாம் சூப்பு, ஜூஸு. எதுவானாலும் ஸ்ட்ரா போட்டுத்தான் குடிக்கறாளாம். அங்க அதான் ஸ்டைலாம்."

"பாக்கு?"

"அங்க கிடைக்காதே, பாவம். யார் போனாலும் நாலு பாக்கெட் குடுத்தனுப்பறேன். குழந்தைக்கு இருக்கிற ஒரே ஆசை."

நான் கையுறையைக் கழற்றி மேஜையில் வீசினேன். என்ன பேசினேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. உங்கள் கையாலேயே அவள் வாயைத் தைக்கிறீர்கள் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது. மாமியின் முகம் சிவந்தது. "அவ நன்னாதான் இருக்கா. வாராவாரம் போன் பண்றா, ஒரு குறை சொன்னதில்லை" என்றாள்.

நாற்காலியில் இருந்த பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். சிரிப்பு எங்கேயோ போய்விட்டிருந்தது. "ஸ்டைல் இல்லைம்மா. ஸ்பூன் நுழையலை அவளுக்கு. என்கிட்ட அழுதா. உன்கிட்ட சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிண்டா." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அத்திம்பேர் அங்க ஒரு பல் டாக்டர்கிட்ட அழைச்சுண்டு போயிருக்கார். ராத்திரி பல்லைக் கடிக்கறா, அதான் தாடை இறுகிப் போச்சுன்னாராம். பல்லுக்கு உறை செய்ய அளவெடுக்கப் பார்த்தாராம். அளவெடுக்கிற தட்டே வாய்க்குள்ள போகலையாம். இப்ப கிளம்பி வந்தா சரியாயிடுமா டாக்டர்?"

"பழையபடி ஆகாது" என்றேன். "ஆபரேஷன் பண்ணி நாரை அறுத்துவிட்டு, தினமும் பழக்கினால் சோறு சாப்பிடும் அளவுக்குக் கொண்டுவரலாம். இன்னும் ஒரு வருஷம் விட்டால் அதுவும் என்னால் சொல்ல முடியாது. உடனே வரச் சொல்."

"கீழ ஐ.எஸ்.டி. பூத் இருக்கில்ல?" என்று கேட்டுவிட்டு, கழுத்தில் துண்டோடு அவள் எழுந்து ஓடினாள். மாமி ஒரு நிமிஷம் போட்டோவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பர்ஸை அள்ளிக்கொண்டு படியில் பெண்ணின் பின்னாலேயே இறங்கினாள்.

"அங்க இப்போ அர்த்தராத்திரிடி!" என்று அவள் குரல் மேலே கேட்டது. "மாப்பிள்ளை தூங்கிண்டிருப்பார், எழுப்பாதே!"