பட்டாளத்துக்காரர் மகனைப் பார்க்கப் போனேன்

காலை ஏழு மணிக்கு மதுரையில் பஸ் ஏறினேன். திண்டுக்கல் நாற்பது மைல். டிக்கெட் ஒரு ரூபாய் அறுபது பைசா. ஜன்னலோரம் இடம் பிடித்துவிட்ட பெருமை கொடைரோடு வருவதற்குள் கரைந்துவிட்டது. ஐப்பசி மழையில் பாதி என் மடியில்தான் பெய்தது.

பாகிஸ்தானோடு நடந்த சண்டை நின்று ஒரு மாதம் ஆகியிருந்தது. உயிர்விட்ட சிப்பாய்களின் குடும்பங்களுக்கு உதவ எங்கள் மாதர் குழு கிளம்பியிருந்தது. மற்றவர்கள் அரிசியும் துணியும் கொண்டு போனார்கள். நான் பாலர் பள்ளி ஆசிரியை. குழந்தைகளின் மனநலம் பற்றிச் சென்னையில் கொஞ்ச நாள் பயிற்சி எடுத்தவள். அதனால் அரிசியாலும் துணியாலும் தீராத வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். வடமதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், அப்பாவை இழந்த ஆறு வயதுப் பையன் சோறு தின்ன மறுக்கிறான். பழம் கொடுத்தால் மட்டும் தின்கிறான் என்று தகவல். ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. அவன் அங்கேதான் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

திண்டுக்கல்லில் இறங்கி ஒரு சீப்பு சிறுமலைப் பழம் வாங்கிக்கொண்டு வேறு பஸ் பிடித்தேன். வடமதுரையில் இறங்கும்போது மணி பதினொன்று. அங்கிருந்து மூன்று மைல் மண் பாதை. குதிரை வண்டிக்காரர் ஒன்றரை ரூபாய் கேட்டார். போகும் வீட்டைச் சொன்னதும் ஒரு ரூபாய் போதும் என்றார்.

"ஒடம்புகூட ஊருக்கு வரலம்மா" என்றார், குதிரையைத் தட்டிவிட்டு. "அம்புட்டு சனமும் அழுதுச்சு. அந்தப் பய ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. காத்துக் கருப்பு அடிச்சிருக்கும்னு மந்திரிச்சும் பாத்துட்டாக."

பையன் பெயர் பாண்டி. அடுப்படியிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி, மாட்டுக் கொட்டத்தில் உட்கார்ந்திருந்தான். மழித்த தலையில் முடி அரும்பிக்கொண்டிருந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம். நான் கொண்டுபோன பொம்மையையும் வண்ணக் குச்சிகளையும் மரியாதையாகப் பார்த்துவிட்டுப் பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டான். பயிற்சியில் படித்ததெல்லாம் பத்தே நிமிஷத்தில் தீர்ந்துபோனது.

அவன் அம்மா அழகம்மாள் காப்பி போட அடுப்பை மூட்டினாள். தீக்குச்சி உரசிய சத்தம் கேட்டதுதான் தாமதம், பாண்டி எழுந்து தெருவுக்குப் போய்விட்டான்.

"இப்படித்தான் டீச்சரம்மா" என்றாள் அவள். "அடுப்பு எரிஞ்சா வீட்டுப் பக்கமே வரமாட்டான். கஞ்சிய ஆத்தி ஆத்திப் பச்சத் தண்ணி மாதிரி ஆக்கிக் குடுக்குறேன். அதுவும் ரெண்டு வாய்க்கு மேல எறங்காது. இவனும் போயிட்டா நான் என்ன செய்வேன்?"

நான் எழுந்து தெருத் திண்ணையில் பாண்டி பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

மூன்று மணிக்கு மழை விட்டது. பாண்டியை அழைத்துக்கொண்டு அவர்கள் சோளக்கொல்லைப் பக்கம் நடந்தேன். கதிர் பிடித்திருந்தது. குருவி விரட்டும் பொம்மை செய்துகொண்டிருந்தார் அவனுடைய பெரியப்பா. பழைய சட்டை ஒன்றுக்குள் வைக்கோலைத் திணித்துப் பொத்தான் போட்டு வரப்பில் படுக்க வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் பாண்டி என் சேலையைப் பிடித்துக்கொண்டான்.

"பெரியப்பா, தீ வைக்காதீக" என்றான். நான் வந்த பிறகு அவன் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"ஏலே, கொல்லைப் பொம்மைய யாருடா கொளுத்துவா?" என்றார் அவர்.

"அப்பாவ நான் கொளுத்துனேன்ல. அவருக்குச் சுட்டிருக்கும்."

பெரியப்பா கையிலிருந்த வைக்கோலைக் கீழே போட்டார். என்னைத் தள்ளி அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார். உடல் வராததால் வைக்கோலில் ஓர் உருவம் செய்து, லீவில் வந்தால் தம்பி போடும் நீலச் சட்டையைப் போட்டு, பாடையில் கிடத்தி, மகன் கையால் கொள்ளி வைத்திருக்கிறார்கள். முகத்தைத் துணியால் மூடியிருந்தார்கள். பையனுக்குத் தெரிந்ததெல்லாம் அந்த நீலச் சட்டைதான்.

"அது வைக்கோலுன்னு அவனுக்குச் சொல்லலையா?"

"சொல்லப்படாதும்மா. எங்க வழக்கத்துல அத வைக்கோலுன்னு வாயால சொன்னா செத்தவனுக்கு ஆகாது. அவனே படுத்திருக்கான்னு நெனச்சுத்தான் செஞ்சோம்."

அப்பாவை உயிரோடு எரித்துவிட்டதாக ஒரு குழந்தை இத்தனை நாளும் தனியாக நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறது. அழகம்மாளைக் கூப்பிட்டு அனுப்பினோம். வந்து கேட்டவள் கணவனின் அண்ணனைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவள் வரப்பில் உட்கார்ந்து, பொம்மையின் பொத்தான்களைக் கழற்றி, மகன் கையைப் பிடித்து உள்ளே விட்டாள்.

"என்னய்யா இருக்கு?"

"வைக்கோலு."

"அன்னைக்கும் இதுதான்யா. வைக்கோலும் அப்பா சட்டையுந்தான்."

"சட்ட மட்டுந்தான் எரிஞ்சுச்சா?"

"ஆமாய்யா."

"அப்ப அப்பா எங்க?"

பொய் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அவள் சொல்லவில்லை. "சண்ட நடந்த எடத்துலயே செத்துப்போனாருய்யா. கூட இருந்தவுகளே அங்கன எல்லாம் செஞ்சுட்டாக. இனி வரமாட்டாரு. நீ ஒண்ணுமே செய்யல."

பாண்டி கையில் பிடித்த வைக்கோலை விடாமல் அழுதான். அவளும் அழுதாள். பெரியப்பா கதிரைப் பார்ப்பது போலத் திரும்பி நின்றுகொண்டார். அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்துவதே என் பிழைப்பு. அன்றைக்கு அவனை அழ விட்டேன்.

இரவு அவர்கள் வீட்டிலேயே தங்கினேன். விடிந்ததும் வண்டி வந்து நின்றது. மதுரையில் என் அக்காள் பிள்ளைகள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து அடுத்த தோசை யாருக்கு என்று சண்டை போடும் நேரம் அது. இங்கே பாண்டி அடுப்படி வாசல் வரைக்கும் வந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு, தீயைப் பார்க்காமல் நின்றான். அழகம்மாள் கஞ்சியை இறக்கி, பழக்கத்தில் இரண்டு செம்பை எடுத்து மாற்றி மாற்றி ஊற்றத் தொடங்கினாள்.

"ஆத்தாதம்மா. சூடாவே குடு" என்றான்.

அவள் ஊற்றுவதை நிறுத்தினாள். பிறகு செம்பை முந்தானையில் சுற்றி அவன் கையில் கொடுத்தாள். அவனே ஊதி ஊதிக் குடித்தான். வண்டிக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டார். அவன் குடித்து முடிக்கும்வரை நான் நகரவில்லை.