பதினேழு திறப்பும் ஒரு பிரவுசரும்

நோர்வேயில் என் காலை ஓர் அனுமதி கேட்டலோடுதான் தொடங்கும். தேத்தண்ணிக் கோப்பையோடு கணினிக்கு முன்னால் இருந்து பேப்பர் படிக்கலாம் என்று ஒரு பக்கத்தைத் திறந்தால், செய்தியை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி வந்து நிற்கும். 'இன்ஃபொர்மஷூன்ஸ்காப்ஸ்லர்' வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்கும். உலகம் முழுக்க 'குக்கி' என்று சொல்லிவிட்டுப் போகிற சாமானுக்கு இந்த நாட்டார் வைத்த பெயர் அது. நீங்கள் வந்துபோனதை ஞாபகம் வைத்திருக்கிற சின்னக் குறிப்பு, அவ்வளவுதான். அதற்கு இவ்வளவு மரியாதை. மனிதர்களும் அப்படித்தான். பக்கத்து வீட்டு ஊட்வார் பதினொரு வருசமாக மெசேஜ் போடாமல் என் கதவைத் தட்டியதில்லை. புங்குடுதீவில் நாங்கள் வளர்ந்த வீட்டில் யாராவது கதவைத் தட்டினால்தான் பயம் வரும். தெரிந்தவர்கள் என்றால் தட்டமாட்டார்கள், நேரே குசினிக்கு வந்துவிடுவார்கள்.

நான் இங்கே ஒரு நகரசபை நூலகத்தில் வேலை. புதன்கிழமைகளில் வயது போன நோர்வேக்காரருக்குப் பிரவுசர் பாவிக்கக் காட்டிக்கொடுப்பேன். அந்த மேசையில் நான் ஒரு சின்ன ராசா. 'முதற்பக்கத்தை வெறுமையாக வையுங்கள். தேவையில்லாத நீட்சிகளைக் கழற்றுங்கள். வேலை முடிந்த டாப்பை உடனே மூடுங்கள்' என்று அடித்துச் சொல்லுவேன். டாப் என்பது பிரவுசரின் தலையில் வரிசையாக நிற்கிற பக்கங்கள். என் கணினியில் ஒரே நேரத்தில் மூன்றுக்கு மேல் நின்றதில்லை. நாலாவதைக் கண்டால் மூடச்சொல்லி எனக்குக் கை கடிக்கும்.

ஒருநாள் ஊட்வார் அந்த மேசைக்கு வந்தார். என் ஒழுங்கைப் பார்த்துவிட்டு, 'வீட்டையும் இப்படித்தான் வைத்திருக்கிறாயா?' என்று கேட்டார். நான் கொஞ்சம் பெருமையாக, ஊரில் கடலுக்குப் பக்கத்தில் எனக்கு இன்னொரு வீடும் இருக்கிறது என்றேன். மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இங்கே எல்லோரிடமும் 'ஹித்த' என்று மலையிலோ கடற்கரையிலோ ஒரு விடுமுறைக் குடில் இருக்கும். என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார். 'ஓ, உன்னுடைய ஹித்த! எத்தனை கிழமைக்கு ஒருக்கால் போவாய்?' கட்டி ஒன்பது வருசம், ஒருதரம் போனேன் என்றேன். அவர் கதிரையைக் கொஞ்சம் கிட்ட இழுத்தார். பிறகு மெல்லிய குரலில், 'கூரை ஒழுகுகிறதா?' என்று கேட்டார்.

கூரை ஒழுகவில்லை. அதை யோகம் அக்கா பார்த்துக்கொள்கிறார். என் ஒரே உடன்பிறப்பு, என்னைவிட ஆறு வயது மூப்பு. புங்குடுதீவில் பள்ளிக்கூடமொன்றில் கிளாக்காக இருந்து பென்சன் எடுத்தவர். கலியாணம் கட்டவில்லை, தீவை விட்டும் போகவில்லை. போன வருசம் என் மகளுக்குக் கலியாணம் ஒழுங்கானபோது, எங்கள் வீட்டுப் பக்கத்திலிருந்து மணவறைக்கு முன்னால் வந்து நிற்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். மகள் ஒற்றைக்காலில் நின்றாள். 'மாமி வராட்டி எனக்குக் கலியாணமே வேண்டாம்' என்றாள். ஆக, அக்காவுக்கு விசா எடுக்கவேண்டும். படிவத்தை இணையத்தில் நிரப்பி அனுப்பிவிட்டு, குறித்த திங்கட்கிழமை கொழும்புக்குப் போய் விரல் அடையாளம் கொடுக்கவேண்டும். அந்தத் திங்களைத் தவறவிட்டால் அடுத்த நேரம் கலியாணத்துக்குப் பிறகுதான் கிடைக்கும். அக்கா மூன்று கிழமையாகப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். 'முடிஞ்சுதோ?' என்று ஒவ்வொரு நாளும் கேட்டேன். 'இன்னும் ஒரு பெட்டிதான், தம்பி' என்று ஒவ்வொரு நாளும் சொன்னார். பொறுக்கமுடியாமல் ஆறு கிழமை லீவு போட்டுவிட்டு, அக்காவைக் கையோடு கூட்டிவருவதென்று வெளிக்கிட்டேன்.

குறிகட்டுவான் பஸ்ஸில் வந்து இறங்கியது வியாழன் பின்னேரம், அந்தத் திங்களுக்கு இடையில் மூன்றே நாள். நான் கட்டிய வீடு அடுத்த வளவு. ஆனால் அதில் கட்டிலும் இல்லை, கதிரையும் இல்லை. அதனால் அக்கா வீட்டில்தான் படுக்கை. சாப்பிட்டு முடிய அக்கா மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தார். மூன்று வருசத்துக்கு முன் நான் பாவித்துவிட்டு அனுப்பியது.

"இது சரியான மெதுவா இழுக்குது தம்பி. ஒருக்காப் பார். ஆனா ஒண்டையும் குழப்பிப்போடாதை."

திறந்து பார்த்தேன். நாற்பதுக்கு மேற்பட்ட டாப்புகள். பெயர் வாசிக்க இடமில்லாமல் ஒவ்வொன்றும் நகக்கண் அளவுக்குச் சுருங்கிப்போய் நின்றன. தமிழ்ப் பேப்பர், பஞ்சாங்கம், கோயில் நேரலை, ரொறன்ரோ, பாரிஸ், லண்டன், பேர்ண் என்று ஏதேதோ தெருப் படங்கள். எல்லாம் மாதக்கணக்காக மூடப்படாதவை. நூலகத்தில் ஒரு நோர்வேக்கிழவி இப்படிக் கொண்டுவந்திருந்தால் தண்ணி குடிக்கக் கொடுத்துத்தான் பேச்சைத் தொடங்கியிருப்பேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அக்கா அலுமாரிக் கதவின் உட்பக்கத்தைத் திறந்தார். வரிசையாக ஆணிகள், ஆணிக்கொரு வீட்டுத் திறப்பு, திறப்புக்கொரு பெயர் மட்டை. எங்கள் ஊரில் வெளிநாடு போகிறவர்கள் வீட்டைப் பூட்டித் திறப்பை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், அந்த ஒருவர் என் அக்கா. பதினேழு வீடு. வெள்ளிக்கு வெள்ளி எல்லாவற்றையும் திறந்து, யன்னல் தள்ளி, கூட்டி, விளக்கு வைத்துப் பூட்டிவருவார். இதற்கு அவர் யாரிடமும் ஒரு சதம் வாங்குவதில்லை. 'பென்சன் வருது, வேறென்ன' என்பார்.

"உன்ரை வீடும் திறக்கப்போறன். வாறியோ?"

"நீங்கள் போட்டு வாங்கோ அக்கா. நான் கொம்பியூட்டரைப் பாக்கிறன்."

பார்த்தேன். ஆறு நிமிசம்தான் எடுத்தது. ஒவ்வொன்றாகப் பாராமல் எல்லா டாப்பையும் மூடினேன். பழைய வரலாறு, குக்கி, தேங்கிக்கிடந்த குப்பை எல்லாவற்றையும் 'தொடக்க காலத்திலிருந்து' என்று தெரிவுசெய்து அழித்தேன். முதற்பக்கத்தை வெறுமையாக்கினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். கண் கூசாமல் பின்னணியைக் கறுப்பாக்கினேன். கணினி குதிரை மாதிரிப் பறந்தது. எனக்கு என்னிலேயே ஒரு மதிப்பு வந்து, போய் இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக் குடித்தேன்.

அக்கா மத்தியானம் வேர்த்து விறுவிறுத்து வந்து, கை கழுவிக்கொண்டு திரையைப் பார்த்தார். கறுப்புத் திரை, நடுவில் ஒரு தேடல்பெட்டி.

"தம்பி, ஆக்களெல்லாம் எங்கை?"

"எந்த ஆக்கள்?"

"ஐயோ, எல்லாரையும் எங்கையடா விட்டனீ!"

நான் மூடிய டாப்புகளில் பதினேழு, பதினேழு வீட்டின் ஆட்கள். இங்கே வீட்டைத் திறந்து பார்க்கிற அக்கா, அவர்கள் இப்போது குடியிருக்கிற வீட்டையும் இணைய வரைபடத்தின் தெருப் படத்தில் காலையில் ஒருக்கால் பார்த்துவருவாராம். டாப்புகள் நின்ற வரிசை ஒழுங்கையில் வீடுகள் நிற்கிற வரிசை. ஆணியில் திறப்புகள் தொங்குகிற வரிசையும் அதுதான். அதனால்தான் பெயர் தெரியாத அளவுக்குச் சுருங்கியும் அவருக்குத் தடுமாற்றமில்லை. இடப்பக்கமிருந்து ஒன்பதாவது வேம்படி வீடு, ஆள் லண்டன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பழைய படமெண்டு எனக்குத் தெரியும். கீழை வருசம் போட்டுத்தானே கிடக்கு. எனக்கென்ன விசரே?" என்றார். பிறகு குரல் மாறியது. "படிவம் எங்கை?"

படிவம் கடைசி டாப். மூன்று கிழமை எழுதியது. அனுப்பாமல் இருந்ததால் அது பிரவுசரின் ஞாபகத்தில் மட்டும்தான் இருந்தது. அந்த ஞாபகத்தைத்தான் நான் தொடக்க காலத்திலிருந்து கழுவித் துடைத்திருந்தேன்.

தவறி மூடிய டாப்பைத் திரும்ப எடுக்க ஒரு வழி இருக்கிறது. கொன்ட்ரோலையும் ஷிப்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு டி எழுத்தை அமத்துங்கள். போன பக்கம் எழும்பி வரும். நூலகத்தில் நூறுதரம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அமத்து அமத்தென்று அமத்தினேன். வரலாற்றை அழித்தவனுக்கு அது வேலை செய்யாது. இதையும் நூறுதரம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அக்கா ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் போய்க் குசினியில் எனக்குச் சோறு போட்டார்.

சனிக்கிழமை இரண்டுபேரும் கணினிக்கு முன் குந்தினோம். முதலில் படிவம் என்றேன். அக்கா கேட்கவில்லை, முதலில் ஆக்கள் வரட்டும் என்றார். மட்டைகளின் பின்பக்கத்தில் வெளிநாட்டு விலாசங்கள் இருந்தன. அக்கா ஆணியிலிருந்து திறப்பைக் கழற்றி வாசிக்க வாசிக்க, நான் ஒவ்வொரு தெருவாகத் திறந்தேன். இந்த முறை மூளையைப் பாவித்தேன். பதினேழையும் ஒரே புத்தகக்குறிக் கோப்பில் போட்டு, ஒரே அமத்தலில் வரிசை குலையாமல் திறக்கிற மாதிரி வைத்தேன். பிரவுசரை மூடித் திறந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்கச் செய்தேன். பார்க்காத டாப்புகளைத் தூங்கவைக்கும் வசதியையும் போட்டேன், இழுவை நின்றது. உங்கள் வீட்டிலும் டாப் மூடாத ஆட்கள் இருந்தால் இப்படிச் செய்யுங்கள். அவர்களுடைய டாப்பை மட்டும் மூடிவிடாதீர்கள்.

ஏழாவது தெரு என்னுடையது. நோர்வே, என் வீடு, வாசலில் ஒருவன் ஒரு கையை இடுப்பில் வைத்துக் குனிந்து பனி வழித்துக்கொண்டிருக்கிறான். முகத்தை மங்கலாக்கியிருக்கிறார்கள். நான்தான். அப்படியொரு படம் இருப்பது எனக்கே தெரியாது.

"மூண்டு வருசமா இதையே வழிக்கிறாய்," என்றார் அக்கா. "ஒருநாளும் முடிக்கேல்லை."

"முகமே தெரியேல்லையே அக்கா. நானெண்டு எப்பிடித் தெரியும்?"

"நிக்கிற நிலை தெரியாதே? அப்பாவும் கிணத்தடியிலை இப்பிடித்தானே இடுப்பு நாரியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறவர். போன் எடுக்காத நாளிலை உன்னை இதிலை பாத்திட்டு மற்ற அலுவலைப் பாப்பன்."

நான் கண்ணாடியைத் துடைக்கப் போனேன்.

ஞாயிறு காலை படிவம். பெயர், பிறந்த திகதி எல்லாம் ஒரு மணித்தியாலத்தில் முடிந்தது. மூன்று கிழமை இழுத்த பெட்டி கடைசியில் வந்தது. பயணம் முடிந்து சொந்த நாட்டுக்குத் திரும்புவீர்கள் என்பதற்கு என்ன காரணம்? கணவன் இல்லை, பிள்ளை இல்லை, வேலை இல்லை. பயந்துபோய் அக்கா அகராதி பார்த்து ஆங்கிலத்தில் நாலு பந்தி எழுதியிருந்தாராம். ஒரு வரியும் ஞாபகம் இல்லை.

"இனி அதை நினைச்சு எழுத ஏலாது. நான் சொல்றன், நீ போடு. என்னட்டைப் பதினேழு வீட்டின்ரை திறப்பு கிடக்கு. வெள்ளிக்கிழமை திறக்கவேணும்."

"இவ்வளவும் போதுமோ அக்கா?"

"உண்மை அவ்வளவுதானே."

அப்படியே மொழிபெயர்த்துப் போட்டு அனுப்பினேன். எனக்கு நம்பிக்கை இல்லை. நான் முதன்முதல் வெளிநாடு போக நிரப்பிய தாளிலும் இதே கேள்வி இருந்தது. திரும்பி வருவேன் என்று ஒரு பக்கத்துக்கு அழகாக எழுதிக்கொடுத்தவன் நான். திங்கள் கொழும்புக்குப் போய்வந்தோம். மூன்றாம் கிழமை விசா வந்தது. அக்கா ஆச்சரியப்படவில்லை, நான்தான் துள்ளினேன்.

ஒஸ்லோ விமான நிலையத்தில் சுங்க அதிகாரியாக ஓர் இளம்பெண் நின்றாள். அக்காவின் கைப்பையைக் கதிர்ப்பெட்டியில் பார்த்துவிட்டு, எங்களை ஒரு பக்கம் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னாள். உள்ளே ஒரு கம்பி வளையத்தில் பதினேழு திறப்புகள், கைவிரல் நீளத்தில் பழைய இரும்புத் திறப்புகள் உட்பட. நானே திகைத்துவிட்டேன். "திறப்பைக் கைமாத்தக் கூடாது தம்பி. மூண்டு கிழமை பூட்டிக் கிடந்தா ஒண்டும் வராது," என்றார் அக்கா.

'இவருக்குப் பதினேழு வீடா?' என்று அதிகாரி என்னிடம் கேட்டாள். கண்ணில் மரியாதை ஏறிவிட்டது.

"ஒண்டும் என்ரை இல்லையெண்டு சொல்லு. என்ரை வீட்டுக்குப் பூட்டில்லை, கொளுக்கி மட்டும்தான்."

சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு இன்னும் குழப்பம். விளங்கவைக்கிற அவசரத்தில், இவை வெளிநாட்டில் இருக்கிறவர்களின் திறப்புகள், இதில் ஒன்று என்னுடையது என்றேன். அவள் வளையத்தை என் பக்கம் நீட்டினாள்.

'வில்கன் ஆர் டின்?' எது உன்னுடையது?

பார்த்தேன். மட்டைகள் இருந்தாலாவது வாசித்திருப்பேன். அவற்றை அக்கா அலுமாரியிலேயே விட்டுவந்திருந்தார். பளபளப்பாக இருந்த ஒன்றைப் பிடித்து, இதுதான் என்றேன்.

"அது வேம்படி வீடு," என்றார் அக்கா. வளையத்தை வாங்கி, பார்க்காமலே விரலால் எண்ணி ஏழாவதை எடுத்துக் காட்டினார். அதிகாரி சிரித்துவிட்டு, போகலாம் என்று கை காட்டினாள்.

எனக்கு மனம் கேட்கவில்லை. கையை நீட்டி, "அந்த ஒண்டைக் கழட்டித் தாங்கோ அக்கா. என்ரைதானே, நான் வைச்சிருக்கிறன்," என்றேன்.

அக்கா வளையத்தைப் பைக்குள் போட்டு, சிப்பை இழுத்து மூடினார்.

"உன்னட்டைத் தந்தா ஆர் போய்த் திறக்கிறது?"