பேர்ண் சதுக்கத்தில் நான் எடுத்த ஒரு முகம்

நேற்றுச் சனிக்கிழமை ஓல்டனிலிருந்து சுவிஸ் தலைநகர் பேர்ணுக்குப் போய்வந்தேன். அங்கே எல்லோரும் பார்க்கப் போகும் கரடிகளைப் பார்க்க அல்ல. என்னோடு வேலை செய்யும் மியன்மார் பிள்ளை தீரி கூப்பிட்டிருந்தாள் (பெயரையும் வயதுகளையும் மாற்றியிருக்கிறேன், காரணம் பிறகு புரியும்). பாராளுமன்றச் சதுக்கத்தில் தங்கள் ஆட்கள் நிற்கப்போவதாகச் சொன்னாள். அவளுக்கு இருபத்திரண்டு வயது.

ரயில் 27 நிமிடம். அரைக் கட்டண அட்டை இருந்தால் போகவர ஏறத்தாழ முப்பது பிராங். நிலையத்திலிருந்து எட்டு நிமிட நடைதான், டிராம் தேவையில்லை.

இரண்டு மணிக்கு நாற்பது இளம் ஆட்கள் வந்தார்கள். எல்லோர் முகத்திலும் முகமூடி, கையில் சமையல் சட்டி. பத்து நிமிடம் தட்டினார்கள், பிறகு அரை மணி நேரம் பேசாமல் நின்றார்கள். அங்கே மியன்மாரில் இராணுவ ஆட்சி தன் சொந்த ஊர்களின்மேல் குண்டு போடுகிறது. பிள்ளைகளைப் பிடித்துப் படையில் சேர்க்கிறது. எதிர்ப்புக் காட்டச் சட்டி தட்டினால்கூடச் சிறை. விமானம் வைத்திருப்பவர்களுக்குச் சட்டியைக் கண்டு பயமாம். தீரியின் தம்பிக்குப் பத்தொன்பது. துப்பாக்கி தூக்கமாட்டேன் என்று அங்கே யாரோ ஒருவரின் வீட்டில் ஒளிந்திருக்கிறான்.

தண்ணீர் குடிக்க அவள் முகமூடியை இறக்கியபோது ஒரு படம் எடுத்தேன். எங்கள் ஆட்களின் வழக்கம்தான், எடுத்த கையோடு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டேன். திரும்பிப்போகும் நேரம் பெருமையாக அவளிடம் காட்டினேன். அவள் உடனே முகமூடியை மேலே இழுத்தாள்.

"இந்த முகத்தை அவர்கள் பார்த்தால் முதலில் அம்மாவைப் பிடிப்பார்கள். தம்பி எங்கே என்று கேட்பார்கள்."

அழித்தேன். அதற்குள் பதினான்கு பேர் பார்த்திருந்தார்கள். அதை அவளுக்குச் சொல்லவில்லை. "ஒருவரும் பார்க்கவில்லை" என்றேன்.

ரயிலில் இருந்தபடி பதினான்கு பேருக்கும் போன் எடுத்தேன். கடைசி ஆள் சூரிச் ஓர்லிகோனில் கடை வைத்திருக்கும் சித்தப்பா மகன் ரூபன்.

"நல்ல படம் அண்ணை. ஸ்கிரீன்ஷொட் எடுத்துக் கோயில் குரூப்பில போட்டுட்டன்."

"உடன அழி."

"ஏன், ஆரோ பர்மாப் பிள்ளைதானே?"

"டேய், இலங்கையில சண்டை நேரம் இஞ்ச எடுத்த ஊர்வலப் படங்களை வீட்டுக்கு அனுப்பேக்க, ஆமி கண்டிடுமெண்டு உன்ர முகத்தைக் கத்தரிக்கோலால வெட்டினது மறந்துபோச்சோ? நான்தானே வெட்டித் தந்தனான்."



"அழிக்கிறன் அண்ணை. ஆனா நாலைஞ்சு பேர் ஹார்ட் போட்டிட்டினம்."

அவனை ஏசி என்ன பயன்? அன்று வெட்டியதும் நான்தான், நேற்றுப் போட்டதும் நான்தான். ஒரு பிள்ளை பேர்ணில் தண்ணீர் குடித்ததற்காக அங்கே தாய் சிறைக்குப் போகவேண்டிய நிலையை உண்டாக்கியிருக்கும் அந்த ஆட்சியை நினைத்தால் ஆத்திரம் ஆறவில்லை. அதற்கு நானே கைகொடுத்ததை நினைத்தால் இன்னும் ஆறவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: சதுக்கத்தில் குளிர்காற்று, தடித்த ஜாக்கெட் போடுங்கள். சட்டியோடு ஒரு கரண்டியும் கொண்டுபோங்கள். கைபேசி பைக்குள் இருக்கட்டும். இந்தப் பதிவில் படம் இல்லை.

நாளை காலை ஏழு மணிக்குத் தீரியோடு எனக்கு வேலை. ஒருவரும் பார்க்கவில்லை என்று சொன்னது பொய் என்பதை, அவள் வீட்டுக்குப் போன் எடுத்து எச்சரிக்க நேரம் இருக்கும்போதே, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நாளைவரை ஏன் காத்திருக்கிறேன்? இதை நிறுத்திவிட்டு இப்போதே அவளுக்குப் போன் எடுக்கிறேன்.