எங்கள் கட்டுத்தரை வழியாகப் போகும் ரோடு

தாராபுரம் ரோட்டில் அவிநாசிபாளையம் தாண்டியதும் ஒரு பேக்கரி வரும். அதை ஒட்டித்தான் எங்கள் ரோடு பிரிகிறது. மொத்தமே இரண்டரை கிலோமீட்டர். வழியில் ஒரு விசைத்தறிக் குடோன், ஒரு கோழிப்பண்ணை, ஒரு கருப்பராயன் கோயில், அப்புறம் வீட்டோடு சேர்ந்த எங்கள் தோட்டம். அதுவரை நேராக வருகிற ரோடு, எங்கள் வேலியைக் கண்டதும் சடாரென்று வலப்பக்கம் முறுக்கிக்கொண்டு போய், தோட்டத்தை மூன்று பக்கமும் சுற்றி, அந்தப்புறம் பழைய திசையைப் பிடிக்கும். கடைசியில் ஒரு பனியன் கம்பெனியின் கேட்டில் போய் முடியும்.

நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. அந்த வளைவுகளைத் திட்டாத நாள் குறைவு. ஸ்கூல் வேன் திரும்பாது என்று சொல்லிவிட்டதால், மகளைத் தினமும் பேக்கரி வரை கொண்டுபோய் விட்டது நான்தான். என்னைப் பார்க்க பைக்கில் வந்த தம்பி அங்கே விழுந்து முழங்கையில் தையல் போட்டுக்கொண்டு போனான். "எந்த மகராசன் இந்த ரோட்டப் போட்டானோ" என்பேன், சோறு போட்டுக்கொண்டே. மாமனார் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் அந்தப் பனியன் கம்பெனி வந்தது. அதோடு நூல் லாரிகளும் வந்தன. முதல் லாரி எங்கள் வாசலுக்குள் நுழைந்தபோது நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கொடிக்கயிறு அறுந்து சேலையெல்லாம் மண்ணில் கிடந்தது. வடக்கத்தி டிரைவர் இறங்கி வந்து போனைக் காட்டினார். "மேடம், மேப் சீதா, சீதா" என்றார். பார்த்தால் நீலக்கோடு ஒன்று எங்கள் கிணற்றுக்கும் மாடு கட்டும் கட்டுத்தரைக்கும் நடுவே நேராகக் கம்பெனிக்குப் போகிறது.

அடுத்து வந்தவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"என்னக்கா, நடுரோட்டுல மாட்டக் கட்டிப் போட்டிருக்கிய?"

"ரோடு இல்லீங்க, இது எங்க ஊடு."

"மேப்புல ரோடுன்னுல்லா போட்டிருக்கு!"

வாரத்துக்கு இரண்டு லாரியாவது வந்தது. வருகிற லாரி திரும்ப இடமில்லாமல், பின்னாலேயே போக அரைமணி நேரம். கம்பெனி மேனேஜருக்குப் போன் செய்தால், "டிரைவர்ஸ்கிட்டச் சொல்லிடறோம் மேடம்" என்பார். அந்த டிரைவர் மறுபடி வரமாட்டார், வேறொருவர் வருவார். என் வீட்டுக்காரர் 'இது வழி அல்ல' என்று போர்டு எழுதி வைத்தார். விசைத்தறியில் வேலை பார்க்கும் பீகார்காரரைக் கூப்பிட்டு ஹிந்தியிலும் எழுதினோம். பின்னால் எடுத்த லாரி ஒன்று அந்தப் போர்டையே சாய்த்துவிட்டுப் போனது. கோயமுத்தூரில் வேலை பார்க்கும் மகள், மேப்பில் தப்பு இருக்கிறது என்று போனிலேயே எழுதிப் போட்டாள். திருத்தத்தை ஏற்க முடியவில்லை என்று பதில் வந்தது.

சரி, இங்கே ரோடே கிடையாது என்று அரசாங்கத்தில் ஒரு கடிதம் வாங்கிவிடலாம் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் போனேன். அவர் சர்வே படத்தை விரித்து, விரலை வைத்துக்கொண்டு வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ரோடு உங்க ஊட்டு வழியாத்தானுங்க்கா போகுது. மேப்பு சரிதானுங்க. நீங்கதான் பாதையில கட்டுத்தரை போட்டிருக்கீங்க."

வீட்டுக்கு வந்ததும், வேப்பமரத்தடிக் கட்டிலில் படுத்திருந்த மாமனாரிடம் போய் நின்றேன்.

"ஏனுங்க மாமா, நம்ம கட்டுத்தரையில ரோடு இருந்துச்சுங்களா?"

"ரோடில்ல சாமி. இட்டேரி" என்றார்.

இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலம். அதுதான் அந்த இட்டேரி. அதிலேயே தார் போட ஆள் வந்தபோது, மாமனார் அப்போதுதான் பக்கத்தில் கிணறு வெட்டி முடித்திருந்தார். கிணற்றடியில் ரோடு வரக்கூடாது என்று மறித்து நின்று, வேலியோரமாகத் தன் நிலத்தையே விட்டுக்கொடுத்து ரோட்டைச் சுற்றி விட்டிருக்கிறார். மாற்றிக் கொடுத்ததை எழுதிப் பதிவு செய்யச் சொன்னதற்கு, ஊரார் முன்னால் சொன்ன சொல் போதாதா என்று இருந்துவிட்டாராம்.

"அப்ப இத்தன வருசமா நான் திட்டுனது உங்களையாங்க?"

"நீ பேர் சொல்லித் திட்டலியே கண்ணு."

எனக்கு அழுகையா ஆத்திரமா என்று தெரியவில்லை. உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டினேன். வீட்டுக்காரர் வந்து, அவருக்கும் இது தெரியும் என்றார். "நீ சத்தம் போடுவீன்னுதான் சொல்லல." அதற்கும் சேர்த்துப் போட்டேன்.

தாலுகா ஆபீசில் விசாரித்து, நிலத்தை மாற்றிப் பதிய மனு எழுதி வாங்கி வந்தேன். மாமனார் கையெழுத்துப் போட்டால் போதும். அவரோ, "குடுத்தது குடுத்ததுதான். அதுக்கு எதுக்குக் கையெழுத்து?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அப்படீங்களா மாமா? இனி வர்ற லாரிய நீங்களே நிறுத்துங்க. நான் எந்திரிக்க மாட்டேன்."

இரண்டாம் நாளே ஒன்று வந்தது. நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். மாமனார் தடியை ஊன்றிக்கொண்டு போய் நின்று, "பொறகால போங்க! பொறகால!" என்று கத்தினார். தமிழ் தெரியாத டிரைவர், பெரியவர் வழி காட்டுகிறார் என்று நினைத்து, கும்பிடு போட்டுவிட்டு முன்னால் வந்தார். ஹாரன் சத்தத்தில் மிரண்ட மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓட, தண்ணீர்த் தொட்டி மேல் இடித்துத்தான் லாரி நின்றது. அரைமணி நேரம் கழித்து மாமனார் வேர்த்து விறுவிறுத்து வந்து உட்கார்ந்தார்.

"அந்தக் காயிதத்தக் கொண்டா."

அவர் கையெழுத்துப் போட்டு ஏழு மாசம் ஆகிறது. சர்வேயர் வந்து அளந்து கல் நட்டுவிட்டுப் போனார். அதுவரை வருகிற லாரி திரும்ப இடம் வேண்டும் என்று வாசலோரத் தென்னை இரண்டை நான் வெட்டச் சொன்னேன். வைத்தவர் மாமனார், இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. போன வாரம் தாலுகா ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். "உங்க ஃபைல் மேல போயிருக்குதுங்க" என்றார்கள். எவ்வளவு மேலே என்று கேட்டதற்கு, அடுத்த மாசம் வந்து பார்க்கச் சொன்னார்கள்.