கேரத் கேட்டுவிட்டுப் போன இடைவேளை

போன ஞாயிறு காலை டி.வி.யில் ரக்பி. வேல்ஸ் ஆட்டம். தொடங்கும் முன் அரங்கம் முழுக்க எழுந்து நின்று தங்கள் மொழியில் தேசிய கீதம் பாடியது. ரக்பியில் பந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதே எனக்கு இத்தனை வருடத்தில் சரியாகப் பிடிபடவில்லை. ஆனாலும் அந்தப் பாட்டு வந்தால் ஒலியைக் கூட்டிவிடுவேன். கூட்டியதும் வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது போலிருந்தது. அந்த வாசனை வந்தால் பின்னாலேயே கேரத்தும் வந்துவிடுவார். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

கேரத் வேல்ஸ்காரர். நான் குடியேறி வந்த இந்த ஊரின் புறநகரான ஆல்பனியில், என் முதல் வேலையில் பக்கத்து மேசை. ஐம்பதைத் தாண்டியவர். மத்தியானம் நான் தயிர்சாத டப்பாவைத் திறக்கும்போது அவர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எதையோ முணுமுணுப்பார். மனிதருக்கு ஏதோ கோளாறு என்று நினைத்து நாற்காலியை ஓரடி தள்ளிப் போட்டுக்கொண்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர் ஊர் அரசாங்க உதவியில் நடக்கும் இணைய வகுப்பில் வெல்ஷ் படிக்கிறார்.

"உங்க மொழிதானே? இப்பப் போய்ப் படிக்கிறீங்களே?" என்றேன்.

அவர் சொன்னதை என் தமிழில் தருகிறேன். "எங்கப்பா எங்ககிட்ட இங்கிலீஷ்தான் பேசுவார். அப்பதான் முன்னேறுவோமாம். வெல்ஷ் பேசினது வீட்டு நாய்கிட்ட மட்டும்தான். எனக்குத் தெரிஞ்ச வெல்ஷ் எல்லாம் அவர் நாய்க்குச் சொன்னது. உட்கார், வா, வெளியே போ."

விழுந்து விழுந்து சிரித்தேன்.

அரசாங்கம் என்னென்ன செய்கிறது என்று மணிக்கணக்கில் சொல்வார். பள்ளிக்கூடம், தொலைக்காட்சி, இரண்டு மொழியில் தெருப்பலகை, பாட்டுத் திருவிழா. அவருக்குப் பெருமையெல்லாம் விளையாட்டில்தான். சின்னப் பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சியை வெல்ஷிலேயே நடத்த உதவி கிடைக்கிறதாம். "கோல் போட்டா அந்த மொழியில கத்தணும். வகுப்புல பேசுறது வேற, கத்துறது வேற" என்பார். நமக்கென்று ஒரு நாடா, அரசா என்று நான் பெருமூச்சு விடுவேன். அப்படிப் பெருமூச்சு விடுவது வசதி, வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை.

அப்போது மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு தேவாலயக் கூடத்தை வாடகைக்கு எடுத்து, சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தோம். தலைமை, யாழ்ப்பாணத்து ராஜி அக்கா. நான் செயலாளர், அதாவது நாற்காலி அடுக்குகிறவன். என் மகள் யாழினிக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். சனிக்கிழமை வகுப்பு அதைச் சரிசெய்துவிடும் என்று மலைபோல நம்பியிருந்தேன்.

குடியேறி வந்த சமூகங்களின் மொழிகளுக்கு இங்கே உதவித்தொகை கொடுக்கிறார்கள் என்று தெரிந்து விண்ணப்பித்தோம். படிவத்தில் ஒரு கேள்வி: பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே தங்களுக்குள் இந்த மொழியைப் பேசுகிறார்களா? என் பேனா நின்றது.

"ஓம் எண்டு போடுங்கோ தம்பி. வடிவாத் தமிழ் கதைக்கிற பிள்ளையள்தானே" என்றார் அக்கா. போட்டேன்.

உதவித்தொகைக் குழுவின் சார்பில் வகுப்பைப் பார்வையிட வந்த தன்னார்வலர் யார் தெரியுமா? கேரத். அவரும் எதிர்பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு நாங்கள் ஒரு மாதம் பயிற்சி கொடுத்திருந்தோம். யாழினி வரவேற்புரை. தமிழ் வார்த்தைகளை ஆங்கில எழுத்தில் நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லி முடித்தாள். ராஜி அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

இடைவேளை. வெளியே பிள்ளைகளுக்கு சாசேஜும் வெங்காயமும் வாட்டிக்கொண்டிருந்தேன். வேலியோரம் கேரத் தட்டைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார். சாப்பிடவில்லை. பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடினார்கள். யாழினி கீழே விழுந்து, எழுந்து, தள்ளிவிட்டவனைத் திட்டினாள். திட்டு, அழுகை, சமாதானம் எல்லாமே ஆங்கிலத்தில். அதுவரை அந்தச் சத்தத்தை நான் காதுகொடுத்துக் கேட்டதே இல்லை. வெங்காயம் கருகியது.

கேரத் பக்கத்தில் வந்தார். "நல்லபடியாத்தான் எழுதுவேன், கவலைப்படாதே. ஆனா மேடையில் கேட்டது ஒண்ணு, இங்கே கேட்டது ஒண்ணு" என்று நிறுத்தினார். "நீ வீட்டுல யார்கிட்ட தமிழ் பேசுறே?"

அடுப்பைத் தணித்தேன்.

உதவித்தொகை வந்தது. வடை பாயசத்தோடு கொண்டாடினோம். மறுநாளிலிருந்து யாழினி தமிழில் சொன்னால்தான் பதில் என்று சட்டம் போட்டேன். அவள் பேசுவதையே நிறுத்தினாள். எட்டாம் நாள், ஓவர்டைம் முடித்து வந்த களைப்பில், "ஹவ் வாஸ் ஸ்கூல்?" என்று நானே தோற்றேன். அவள் முகம் மலர்ந்து பள்ளிக்கதை முழுவதையும் கொட்டினாள். அந்த முகத்தைப் பார்த்தபிறகு நான் சட்டம் பேசவே இல்லை.

அந்தக் கூடத்தில் இப்போது உடற்பயிற்சி நிலையம். கடைசி வருடம் ஐந்து பிள்ளைகள் வந்தார்கள், அப்புறம் யாரும் வரவில்லை. ராஜி அக்கா சிட்னிக்குப் போய்விட்டார். கேரத் ஊர் திரும்பிவிட்டார். கிறிஸ்துமஸ் வாழ்த்தை முழுக்க வெல்ஷில் அனுப்புவார். நான் ஆங்கிலத்தில் பதில் போடுவேன்.

யாழினி கல்யாணமாகி, இதே ஊரில் மாசி என்கிற புறநகரில் இருக்கிறாள். அவள் விட்டுப்போன பூனை பஞ்சு என்னோடு இருக்கிறது. அவள் மகள் மீராவுக்கு நாலு வயது. வார இறுதியில் இங்கே வருவாள். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறோம்.

போன ஞாயிறு டி.வி.யில் அந்தப் பாட்டு முடிந்தபோது என் காலடியில் மீரா பஞ்சுவைத் தடவிக்கொண்டிருந்தாள். "வாடி இங்க. எங்கடி சுத்திட்டு வர்ற? சாப்பிட்டியா?" என்றாள். சுத்தமான தமிழ். இழுவைகூட அப்படியே என்னுடையது. டி.வி.யை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

"தங்கமே, தாத்தாகிட்ட வா. நீ சாப்பிட்டியா?"

மீரா நிமிர்ந்து பார்த்தாள். புருவத்தைச் சுருக்கினாள்.

"தாத்தா, ஐ'ம் நாட் த கேட்."