நாகரத்தினம் அக்காவுக்குப் பால் ஆகாது

செவ்வாய்க்கிழமை இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தபோது வெள்ளானூரிலிருந்து ஆள் வந்தது. "தையல் டீச்சரம்மா பூட்டாங்க. நேத்தே எடுத்துட்டாங்க. நாளைக்குப் பால்" என்றார் வந்தவர். எலும்புக்குப் பால் தெளிக்கப் போகிறார்கள் என்றதும் எனக்குச் சுரீரென்றது. அது ஏன் என்று, அவரோடு வேலை பார்த்த நம்மில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எழுத வெட்கமாகவும் இருக்கிறது.

அம்பத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் நாகரத்தினம் அக்கா எடுத்த காஜாவை உங்களுக்கு நினைவிருக்கும். தையல் எந்தப் பக்கம் என்றே தெரியாது. ஆனால் சில காலைகளில் அவர் விரல்கள் வீங்கிச் சிவந்து கத்தரிக்கோலில் நுழையாது. வாதம் என்றார்கள். உடம்பில் சத்தில்லை, பால் நிறையக் குடியுங்கள் என்றார் டாக்டர். அக்கா மேசைக்கடியில் கையைத் தேய்த்தபடி, "இன்னிக்கு இதுங்க என் பேச்ச கேக்கல" என்று சிரிப்பார்.

என் மகனின் ஞானஸ்நானத்துக்கு மேனாம்பேட்டு வீட்டுக்கு எல்லாரையும் அழைத்தேன். ஊருக்கு வெளியே இருக்கும் தெரு எங்களுடையது. எங்கள் சமையலை மற்ற டீச்சர்கள் தொடமாட்டார்கள். நான் ரோசக்காரிதான்; இருந்தாலும் அதற்கும் ஒரு வழி செய்தேன். எங்கள் கை படாமல் ஊர்ப் பால்காரியம்மாவே கறந்து, காய்ச்சி, புதுச் செம்பில் கொண்டுவந்தார். மற்றவர்கள் குடித்தார்கள். அக்கா மட்டும் "எனக்கு வாணாம்மா" என்றார்.

வந்ததே எனக்குக் கோபம். "எங்க தெருவுக்கு வந்தா பாலுக்கும் தீட்டா? அப்ப இன்னாத்துக்கு வந்தீங்க?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். தம்ளரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். ஜெயித்துவிட்டதாக நினைத்து இன்னொரு தம்ளர் ஊற்றினேன். அதையும் குடித்தார்.

இரண்டு நாள் கழித்து வெள்ளைக்கார இன்ஸ்பெக்டரம்மா வந்து, காஜா எடுத்துக் காட்டச் சொன்னார். அக்காவால் ஊசியைப் பிடிக்க முடியவில்லை. கீழே விழுந்த ஊசியை எடுக்கக் குனிந்தால் முழங்கால் மடங்கவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த மாதக் கடைசியோடு அவர் வேலை போயிற்று.

இன்ஸ்பெக்டரம்மா வந்த அன்று சாயங்காலம்தான் அக்கா விஷயத்தைச் சொன்னார். "அண்ணன் ஊட்டு மாடு வத்தினா என் வெரலு மடங்குது. கன்னு போட்டா வீங்கிக்குது. மூணு தபா பால உட்டுப் பாத்துட்டேன். சொன்னா சிரிக்கிறாங்க." பால்தான் காரணமா என்று எனக்கு இன்றும் அடித்துச் சொல்லத் தெரியாது. ஆனால் பாலும் மோரும் தொடாமல் இருந்த மாதங்களில் அந்த விரல்கள் மடங்கியதை நானே பிற்பாடு பார்த்தேன். "அங்கியே சொல்லியிருக்கலாமே அக்கா" என்று அழுதேன். "சாக்கு சொல்றேன்னு நெனச்சிருப்பே. நெனைக்கிற மாதிரிதானே ஊரு கீது" என்றார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வந்து கூழும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டார். உப்புப் போதவில்லை என்று குறையும் சொல்வார். எங்கள் வீட்டில் சாப்பிடுவது தெரிந்து, அவர் இருந்த அண்ணன் வீட்டில் அவருக்குத் தட்டைத் தனியாக்கினார்கள். அதை அவர் என்னிடம் சொல்லவில்லை. வேறொருவர் சொல்லித்தான் தெரியும்.

போன மாதம் அவர் படுத்துவிட்டார் என்று கேட்டு வெள்ளானூருக்கு ஓடினேன். வாசலோடு நிறுத்திவிட்டார்கள். உள்ளே மூட்டு வலியில் அவர் முனகுவது கேட்டது. "வேற ஒண்ணும் எறங்கல, பால்தான் குடுத்துகினு கீறோம்" என்றார் அண்ணி. "பால் வாணாங்க, அவங்களுக்கு ஆவாது" என்று தெருவில் நின்று கெஞ்சினேன். அண்ணன் வெளியே வந்தார். "பால் ஆவாதுன்னு எவனாச்சும் சொல்வானா? உங்க ஊட்ல துன்னதுதான் அவளுக்கு ஆவல" என்று கதவைச் சாத்தினார்.

பதிலுக்குக் கத்த வாய் வரை வந்தது. அன்று அக்காவிடம் நான் கத்தியதும் நினைவுக்கு வந்தது. திரும்பி நடந்தேன்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்விதான். இப்போதெல்லாம் என் வீட்டில் யார் எதை வேண்டாம் என்றாலும், "ஏன், ஒடம்புக்கு ஒத்துக்காதா?" என்று முதலில் கேட்கிறேன். அக்காவிடம் அதை நான் கேட்கவே இல்லை.