சிவக்காத மஞ்சள்

எங்கள் பேராசிரியருக்கு ஐதராபாத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டதும் நான் பக்கத்து ஆய்வகத்துக்கெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். மனிதர் பதினோரு வருஷமாக தருமபுரியில் தனியாகக் கிடந்தார். மனைவிக்கு ஐதராபாத்தில் வங்கி வேலை. மகளும் அங்கேதான். அவர் இங்கே வந்து சேர்ந்தபோது அந்தப் பெண்ணுக்கு நாலு வயது, இப்போது பத்தாம் வகுப்பு. மாதம் ஒரு தடவை ரயிலேறிப் போவார், திரும்பி வந்த அன்றைக்குத் தூக்கக் கலக்கத்தில் என்னிடம் தெலுங்கில் பேசுவார்.

நான் அவருடைய வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். காரிமங்கலத்திலிருந்து பஸ்ஸில் போய் வருகிறவள். அடக்கமானவள் என்று எவரும் என்னைச் சொன்னதில்லை. என் வாய்க்குப் பயந்து ஆராய்ச்சி மாணவர்கள் குடுவையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் சாப்பிடவே போவார்கள்.

பேராசிரியர் ஒருவர் விலகிப் போனால் அவருடைய ஆய்வகத்தை வெறுமனே பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட முடியாது. இருக்கிற பாட்டில் ஒவ்வொன்றையும் பெயரோடு பட்டியல் போட வேண்டும். உருப்படியானதை மற்ற ஆய்வகங்கள் எடுத்துக்கொள்ளும், மீதியை ரசாயனக் கழிவு ஏற்றுகிற லாரிக்காரர்களிடம் ஒப்படைக்க வேண்டும். சிலிண்டர் திரும்பப் போக வேண்டும், குளிர்பெட்டி காலியாக வேண்டும், மேஜை துடைபட வேண்டும். கடைசியில் ஒரு படிவம். ‘இந்த அறையில் ஆபத்தான பொருள் எதுவும் இல்லை’ என்று அதில் ஒரு வரி இருக்கும், அதற்குக் கீழே பொருள்களுக்குப் பொறுப்பாளர் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். அது இல்லாமல் பணிவிடுப்பு ஆணை கிடையாது. அந்த ஆணை இல்லாமல் ஐதராபாத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

அங்கே சேரக் கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை. கடைசி மாணவனின் வாய்மொழித் தேர்வு முடியட்டும் என்று அவர் ஏற்கனவே இரண்டு தடவை தள்ளிக் கேட்டிருந்தார். மூன்றாம் தடவை முடியவே முடியாது என்று எழுதிவிட்டார்கள். திங்கள் தவறினால் அந்த இடம் பட்டியலில் அடுத்து இருப்பவருக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை ஆணை வாங்கி மறுநாள் ரயில் என்று டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

அறையைச் சனிக்கிழமை கழுவிவிட வேண்டும், கம்ப்யூட்டர் துறைக்கு அதை ஒதுக்கியிருந்தார்கள். கழுவுகிறவள் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிற பெண். அவள் ஒரு வாரம் முன்னாலேயே வந்து நின்றாள்.

“அக்கா, அந்தப் பழுப்புப் பாட்டிலு மூடியோட ரெண்டு எடுத்து வெய்யிங்க. வூட்டுல எண்ணெ ஊத்தி வெக்கோணும்.”

“ஏன்டி, ஆசிட் வாசத்தோட தாளிக்கப் போறியா?”

“கழுவிட்டா எல்லாம் ஒண்ணுதானுங்கக்கா.”

அவள் அப்படித்தான். எந்தப் பாட்டில் குப்பைக்குப் போனாலும் மூடியைத் திருகித் தொட்டியில் கொட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோவாள். பத்துத் தடவை திட்டியிருக்கிறேன், காதிலேயே வாங்க மாட்டாள்.

பட்டியல் போட உட்கார்ந்தபோதுதான் என் வினை எனக்கே தெரிந்தது. ஆயுத பூஜைக்கு நான் அலமாரியில் இருக்கிற பாட்டிலுக்கெல்லாம் மஞ்சள் குழைத்துப் பூசி நடுவில் குங்குமம் வைப்பது வழக்கம். தராசுக்கு வைத்தேன், அடுப்புக்கு வைத்தேன், பாட்டிலை மட்டும் விடுவானேன்? பெயர் ஒட்டியிருக்கிற காகிதம்தான் பாட்டிலுக்கு நெற்றி என்று என் எண்ணம். அதிலேதான் வைப்பேன். பேராசிரியர் ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார்: “ஏம்மா, பேரை மறைச்சுப் பொட்டு வெச்சா எது எந்தப் பாட்டில்னு சாமிக்கே தெரியாதுங்களே.” “சாமிக்குத் தெரியும் சார், உங்களுக்குத்தான் தெரியாது,” என்றேன். அன்றைக்கு அது நல்ல பதிலாகத்தான் இருந்தது.

வருஷா வருஷம் ஒன்றின்மேல் ஒன்றாக அப்பிய மஞ்சள். நாற்பது பாட்டிலுக்குமேல் பெயர் தெரியவில்லை. புதன்கிழமை காலையில் சோப்புத் தண்ணீரும் பஞ்சும் வைத்துக்கொண்டு துடைக்க ஆரம்பித்தேன். சோப்புப் பட்டதும் மஞ்சள் சிவந்தது. மஞ்சள் துணியைச் சோப்புப் போட்டுத் துவைத்த எந்தப் பொம்பளைக்கும் இது தெரியும், ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவப்பதும் இதுதான். பஞ்சு ஒவ்வொன்றும் சிவப்பாக வந்தது. கீழே மெல்ல எழுத்துத் தெரியும், எழுதிக்கொள்வேன்.

அடித்தட்டு மூலையில் ஒரு சின்னப் பாட்டில். அதில் எழுத்து எப்போதோ போய்விட்டது. மூடியைச் சுற்றிலும் மஞ்சள் பொருக்கு. இது கழுத்துவரை பூசியிருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டு பஞ்சை வைத்தேன். காகிதத்தில் இருந்தது சிவந்தது. மூடியைச் சுற்றி இருந்தது சிவக்கவில்லை. மறுபடி வைத்தேன். பளீரென்று மஞ்சளாகவே பஞ்சில் ஏறியது, விரல் நுனியும் மஞ்சளாயிற்று.

நான் பூசின மஞ்சள் இல்லை இது என்று பட்டது. பாட்டிலை அசைக்காமல் விட்டுவிட்டுக் கூப்பிட்டேன். “சார், இது மஞ்சள் இல்லீங்க.”

அவர் குனிந்து பார்த்தார். சட்டென்று ஓரடி பின்னால் வந்தார்.

“மூடியைத் திருகினீங்களா?”

“இல்லீங்க சார்.”

“நல்ல வேளை. தொடாதீங்க. மெதுவா வெளிய வாங்க.”

வராந்தாவில் நின்று சொன்னார். பிக்ரிக் அமிலமாக இருக்கலாம். ஈரமாக இருக்கிறவரை சாது. காய்ந்துபோய் மூடியின் மரையில் உப்பாகப் படிந்துவிட்டால், திருகுகிற உராய்வே போதும், வெடித்துவிடும். இவருக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவர் காலத்தில் வந்தது, இருப்புப் புத்தகத்திலும் இல்லை. நான் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். வருஷம் தவறாமல் அதைக் கையில் எடுத்து, தூசி தட்டி, கட்டைவிரலால் அழுத்திப் பொட்டு வைத்தவள் நான்தானே. என்மேலேயே எனக்கு அப்படி ஒரு எரிச்சல்.

அதை எடுக்கப் போலீஸின் வெடிகுண்டு நிபுணர்கள்தான் வர வேண்டும். அதற்குப் பதிவாளர் கடிதம், கலெக்டர் அலுவலகம், அப்புறம் அவர்களுக்கு ஒழிகிற நாள். செவ்வாய்க்கிழமை வருவதாகச் சொன்னார்கள்.

திங்கள் முடிந்த மறுநாள்!

வியாழக்கிழமை துறைத்தலைவர் படிவத்தோடு வந்தார். கெட்டவர் இல்லை, எதிலும் காரியம் முடிந்தால் சரி என்கிறவர். பேராசிரியரும் கூட வந்து சன்னலோரம் நின்றார்.

“கையெழுத்துப் போடுங்கம்மா. பாட்டில் அது பாட்டுக்கு இருக்கட்டும். செவ்வாய்க்கெழம அவங்க வந்து எடுத்துட்டுப் போகட்டும்.”

“இந்த ரூம்ல ஒண்ணும் இல்லைன்னு எழுதியிருக்குதுங்களே சார்.”

“அஞ்சு நாள்ல இல்லாமப் போயிருமே. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுக்காதீங்க.”

“நான் போட்டா சனிக்கிழமை ரூமைத் தொறந்து விட்டுருவாங்க. கழுவறவ மொதல்ல மூடியைத்தான் திருகுவா. அவளுக்கு ரெண்டு புள்ளைங்க சார்.”

“பூட்டி வெக்கச் சொல்றேன்.”

“இல்லைன்னு எழுதின ரூமை யாரு சார் பூட்டி வெப்பாங்க? பாட்டில் வெளிய போகட்டும், அந்த நிமிஷமே போடறேன்.”

பேராசிரியர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. வாய்விட்டுக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கேட்காததுதான் கஷ்டமாக இருந்தது. பிறகு அவரே, “அவங்க சொல்றது சரிதான் சார்,” என்று படிவத்தை மடித்துத் துறைத்தலைவர் கையில் கொடுத்துவிட்டார்.

வெள்ளி போயிற்று. ரயிலும் போயிற்று. திங்கட்கிழமை சாயங்காலம் ஐதராபாத்திலிருந்து இரண்டு வரியில் மின்னஞ்சல் வந்தது.

செவ்வாய்க்கிழமை சொன்னபடியே வந்தார்கள். ஊருக்கு வெளியே கைவிட்ட கல்குவாரிக்குக் கொண்டுபோனார்கள். சத்தம் எங்கள் கேன்டீன்வரை கேட்டது. என் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பாப்பிரெட்டிப்பட்டிக்காரி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

“அடி ஆத்தா... அதுவாக்கா இது?”

“அதேதான்.”

“எனக்குப் பாட்டிலே வேண்டாமுங்கக்கா.”

புதன்கிழமை கையெழுத்துப் போட்டேன். அவ்வளவு ஒழுங்காக மூடப்பட்ட ஆய்வகம் எங்கள் வளாகத்திலேயே இல்லை என்று பதிவாளர் குறிப்பு எழுதினார். ஆய்வகத்தை மூடியாயிற்று, போக வேண்டிய ஆள்தான் போகவில்லை. ராஜினாமாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அறை கம்ப்யூட்டர் துறைக்குப் போய்விட்டது, கருவிகளை ஆளுக்கொன்றாக எடுத்துப் போய்விட்டார்கள். ஆசிரியர் அறையில் அவருக்கு ஒரு மேஜை போட்டுக் கொடுத்தோம். பாடம் மட்டும் நடத்தினார்.

எனக்குக் கூட்டம் போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர் துறைத்தலைவர்தான். பேராசிரியர் என்னைப் பற்றி நாலு வார்த்தை நல்லபடியாகப் பேசினார். எனக்குத்தான் நெஞ்சு உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாளாவது என்னைத் திட்டிவிடுவார் என்று மாதக்கணக்கில் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு மதியம் வருகைப் பதிவேட்டை வைக்க ஆசிரியர் அறைக்குப் போனேன். அவர் மட்டும் இருந்தார். மகள் பள்ளி ஆண்டுவிழாவில் ஆடுகிறாள், மனைவி அங்கிருந்து கைபேசியில் காட்டிக்கொண்டிருக்கிறார். படம் நின்று நின்று வந்தது. பாதியில் சுத்தமாக அறுந்துவிட்டது. இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டுக் கைபேசியைக் குப்புற வைத்தார்.

“அன்னிக்கு நீங்க போட்டிருக்கலாம்மா.”

குரலில் கோபமே இல்லை.

“மாட்டேன் சார். இன்னிக்குக் கேட்டாலும் மாட்டேன்.”

“தெரியும். அன்னிக்கு நான் வாயத் தொறந்து கேக்கல. ஆனா மனசுக்குள்ள கேட்டுட்டேதான் நின்னேன்.”

“அதும் தெரியும் சார்.”

மணி அடித்தது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். செய்தது தப்பு என்று ஒரு நாளும் நினைத்ததில்லை, இப்போதும் நினைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பிள்ளை ஆடி முடித்து இறங்கும்போது அப்பா அங்கே இல்லை, அதற்கு நான்தான் காரணம்.